பலகையின் பின்பக்கம்

சூசைத்துறை
6 அக்டோபர் 2025

ரெஜிலா,

போனில் கேட்கலாம் என்று நாலு நாளாகப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். உன் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தும் உன்னிடம் பேசி ஜெயித்ததில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

ஒக்கிப் புயலில் படகோடு போன ஏழு பேருக்கும், என் ததேயுஸையும் சேர்த்து, குருசடிச் சிலுவைப் பக்கத்தில் கல் வைக்கிறார்கள். நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, எட்டாம் வருஷப் பூசையன்று. மயிலாடியில் கொத்தக் கொடுப்பதற்காகப் போன வாரம் ஊர் கமிட்டியில் பெயர் எழுதினார்கள். அப்போது மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் எழுந்து நின்றார்கள். "எங்க ஆளுவள கொன்னவனுக்க பேரு எங்க ஆளுவ பக்கத்துல வரண்டாம்" என்று பூங்கனி சொன்னாள். அவள் புருஷனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ததேயுஸ் ஸ்ராங்கு அல்லவா, படகை ஓட்டுகிறவர். நிற்பதா, திரும்புவதா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். காற்று வருகிறது என்று தெரிந்தும் மீனுக்கு ஆசைப்பட்டு நின்றான், ஆறு பேரையும் சேர்த்துக் கொண்டுபோனான் என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. எட்டு வருஷமாய்க் கோயிலில் எனக்குப் பக்கத்தில் யாரும் முட்டுப்போடுவதில்லை.

உண்மை என்ன என்பது ததேயுஸ் கடைசியாகப் படம் வரைந்த அந்தப் பலகையின் பின்னால் இருக்கிறது. உனக்கே தெரியும். படகின் அடுப்படியை வரைந்திருப்பாரே, அது. கரைக்குத் திரும்பிய கபிரியேல் அண்ணன் படகில் அதைத் தார்ப்பாயில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார். பின்பக்கம் எழுதியது எனக்கு மனப்பாடம்:

"சிந்தியா, வயர்லெஸ்ல காத்து வருதுன்னு சொல்லுதான். திரும்புறேன்னு முதலாளிகிட்ட கேட்டேன். மீன் அறை நெறையாம கரை பிடிக்கண்டாம், மீறி வந்தா படகு வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாரு. ஆறு பேரும் பயந்து கிடக்காவ. டிசம்பர் மொத ஞாயிறு வந்துருவேன். ஜெஸ்னாவுக்கு முந்திரிக்கொத்து செஞ்சு வையி. அவ உசரத்துக்கு ஒரு ஸ்டார் கட்டணும்."

இதை ஏன் அப்போதே காட்டவில்லை என்று நீ கேட்பாய். ஜெஸ்னாவின் பள்ளிக்கூடத்துக்கு முதலாளிதான் பணம் கட்டினார். நான் வலைக் கம்பெனியில் வேலைக்குச் சேரும்வரை வீட்டுக்கும் அரிசி வந்தது. கை நீட்டி வாங்கினேன், வாயை மூடிக்கொண்டேன். பதினேழு பலகையும் உன்னிடம் தந்தபோதுகூட அந்த ஆளின் பெயரை உன்னிடம் சொல்லக் கூசியது.

இனி முடியாது. பலகையை ஒரு நாள் கொடு. கமிட்டியில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன். நீ கேட்டால் உன் மியூசியத்தில் மறுக்க மாட்டார்கள்.

சிந்தியா

•

நாகர்கோவில்
13 அக்டோபர் 2025

கர்த்தருக்குள் பிரியமான சிந்தியாவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். உனக்காகவும் ஜெஸ்னாவுக்காகவும் ஜெபிக்கிறேன்.

பலகைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நடுக்கூடத்தில் அவற்றுக்கென்றே ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அங்கேதான் முதலில் நிற்கிறார்கள். நீ ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கலாம். திறப்பு விழாவுக்கு வண்டி அனுப்புகிறேன் என்றேன், வரவில்லை. பரவாயில்லை.

அந்தக் குறிப்பிட்ட பலகை இப்போது பராமரிப்பில் இருக்கிறது. கரையான் பட்டிருந்ததால் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது. வெளியே கொண்டுபோக அறக்கட்டளையின் அனுமதி வேண்டும், அதற்கு ஒரு கூட்டம் நடக்க வேண்டும். நவம்பருக்குள் நடக்குமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

உன்னிடம் ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். புரவலர் தொடர்பு என்று என் பதவிக்குப் பெரிய பெயர், ஆனால் வேலை என்னவோ பெரிய வீடுகளின் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் போய் முகம் காட்டுவதுதான். மூன்று தடவை பார்க்காமல் யாரிடமும் நன்கொடை கேட்கக் கூடாது, கொடுத்துவிட்டால் இரண்டே நாளில் கைப்பட நன்றி எழுத வேண்டும். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. போன வருஷம் ஆனி மழையில் மேற்குக் கூரை ஒழுகி மூன்று ஓவியங்கள் போயின. இந்த வருஷம் கூரை போடாவிட்டால் பூட்ட வேண்டியதுதான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் உன் ததேயுஸின் பலகை எங்களைக் காப்பாற்றியது.

மே மாதம் ஒரு பெரியவர் வந்தார். கொச்சியில் ஏற்றுமதி செய்கிறவர், பூர்வீகம் நம் கடற்கரைதான். அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். பின்பக்கத்தை வாசித்துக் கண் கலங்கினார். கூரை முழுவதும் என் பொறுப்பு என்று அங்கேயே சொன்னார். மரியான் என்று பெயர். உன்னைப் பற்றிக்கூட விசாரித்தார். ஒரு மீனவரின் எழுத்து இத்தனை பேர் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெஸ்னாவுக்கு என் அன்பு.

ரெஜிலா

•

சூசைத்துறை
16 அக்டோபர் 2025

ரெஜிலா,

மரியான்தான் முதலாளி.

படகு அவர் மச்சினன் பெயரில் இருந்தது. கடலுக்கு அனுப்பியதும் மீனை விற்றதும் வயர்லெஸ்ஸில் பேசியதும் அவர்தான். புயலுக்கு அடுத்த வருஷம் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கொச்சிக்குப் போனார்.

கண் கலங்கினாராமே. கலங்கும்.

மூன்று கேள்வி கேட்கிறேன். ஜெபிக்கிறேன், முயற்சி செய்கிறேன் என்றெல்லாம் எழுதாமல் பதில் சொல்லு. அந்த ஆளுக்குப் பின்பக்கத்தை யார் காட்டினது? கரையான் பட்டது என்று யார் சொன்னது? உன்னிடம் தரும்வரை என் கட்டிலுக்கடியில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தேன், ஒரு பூச்சி ஏறியதில்லை. எழுத்து இருக்கிறதா, இல்லையா?

சிந்தியா

•

நாகர்கோவில்
24 அக்டோபர் 2025

சிந்தியா,

இல்லை.

இதை எழுத எட்டு நாள் ஆயிற்று. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பின்பக்கத்தைக் காட்டினது நான். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய தொகை கொடுக்கக்கூடியவர் வந்தால் சுவரில் இருப்பதைக் காட்டிவிட்டு அனுப்ப மாட்டேன். உள்ளே கூட்டிப் போவேன். ஓவியத்தை இறக்கி, திருப்பி, "இதை எல்லாருக்கும் காட்டுறதில்ல" என்று சொல்லிப் பின்பக்கத்தைக் காட்டுவேன். ஓவியன் கையெழுத்து, கிறுக்கல், பழைய விலைச்சீட்டு, ஏதாவது இருக்கும். தங்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள் என்ற நினைப்பில் ஆட்கள் இளகிப்போவார்கள். இதுவரை தோற்றதில்லை. ததேயுஸின் பலகையை மட்டும் இருபது பேருக்காவது திருப்பியிருப்பேன்.

மற்றவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். மரியான் பலகையைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். பிறகு விளிம்பைத் தட்டிப் பார்த்து, "கரையான் ஏறியிருக்கு. நான் படகு கட்டுற குடும்பம், பலகை எனக்குத் தெரியும். பின்னால நல்லா இழைச்சு, மருந்தடிச்சு, புதுப் பலகையில ஒட்டுங்க. இதத்தான் முதல்ல செய்யணும்" என்றார். கூரை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

படகு கட்டுகிற குடும்பம் என்று சொன்னபோதாவது யார், எந்தப் படகு என்று கேட்டிருக்கலாம். கொடுக்கிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. படங்களுக்குச் சட்டம் போடுகிற வினோஜிடம் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான். "எழுத்து இருக்கே அக்கா, இழைக்கவா?" என்று அவன் வந்து கேட்டான். புரவலர் சொல்லியிருக்கிறார், சீக்கிரம் முடி என்றேன். என்ன எழுதியிருந்தது என்று அவன் வாசிக்கவில்லை.

பதிவேட்டில் முன்பக்கப் படம் மட்டும்தான் இருக்கிறது. பின்பக்கத்தை என் போனில் எடுத்திருந்தேன். அதை எங்கள் ஆண்டு மலரில் அச்சிட்டோம். சிந்தியா, அந்தப் படத்தில் "டிசம்பர் மொத ஞாயிறு" என்பதிலிருந்துதான் இருக்கிறது. முந்திரிக்கொத்து, ஸ்டார். மேலே இருந்ததை நான் வெட்டிவிட்டேன். முதலாளி, மிரட்டல் என்றெல்லாம் இருந்தால் வாசிக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர்களில் பாதிப் பேர் முதலாளிகள். வெட்டாத படம் பழைய போனோடு போயிற்று. கடையில் கொடுத்துத் தேடச் சொன்னேன், கிடைக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லை. ஆனால் நான் சாட்சி. அந்த வரிகள் இருந்தன, அவர் வாசித்தார், அவர் சொல்லித்தான் இழைத்தோம். உங்கள் கமிட்டியில் வந்து சொல்கிறேன்.

ரெஜிலா

•

சூசைத்துறை
30 அக்டோபர் 2025

ரெஜிலா,

உன் கடிதத்தை ஜெஸ்னா எனக்கு முன்னால் பிரித்து வாசித்துவிட்டாள். பதினாலு வயசுப் பிள்ளை. சின்னதில் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துத்தான் "அ" எழுதப் பழகினாள். ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்தவள் காலையிலும் தின்னவில்லை.

நவம்பர் ஒன்பது, இரண்டாம் பூசை முடிந்து பதினோரு மணிக்குக் கமிட்டி. நான் சொன்னால் எடுபடாது, வீட்டு ஆள் சாட்சி செல்லாது. கபிரியேல் அண்ணன் "பொதி தந்தாரு, கொடுத்தேன், உள்ள என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்கிறார். அவர் மகனுக்குக் கொச்சியில் மரியான்தான் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் நீ ஒருத்திதான்.

களியக்காவிளை பஸ்ஸில் வந்து இறங்கு, ஆட்டோவுக்கு ஆள் அனுப்புகிறேன். கமிட்டிக்கு வா. வீட்டுக்கு வர வேண்டாம்.

சிந்தியா

•

சூசைத்துறை
12 நவம்பர் 2025

ரெஜிலா,

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். முன்னால் நடந்ததையும் எழுதுகிறேன், அதை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

மரியான் வருவார் என்று நான் நினைக்கவில்லை. பங்குச் சாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் உங்கள் ஆண்டு மலர். நீ எல்லாம் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய், குரல்கூட நடுங்கவில்லை. நீ முடித்ததும் அவர் முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். "இது நீ அடிச்ச புத்தகந்தானே அம்மா? ததேயுஸ் எழுதினதுன்னு கீழ போட்டிருக்கு. இதுல முதலாளின்னு எங்க இருக்கு, காட்டு" என்றார்.

வெட்டிவிட்டேன் என்றாய். ஏன் என்று கேட்டார்கள். சங்கடம் என்றாய். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "எட்டு வருசம் வாங்கித் தின்னப்ப சிந்தியாவுக்கு இந்தச் சங்கடம் இல்லியா" என்று ஒருத்தர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது சாமியார் உன்னிடம், "வெட்டின வரிய சொல்லும்மா" என்றார். நீ ஆரம்பித்தாய். டிசம்பர் முதல் ஞாயிறு, முந்திரிக்கொத்து, ஸ்டார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாய். ததேயுஸின் குரலே வந்த மாதிரி இருந்தது, இரண்டு மூன்று பெண்கள் அழுதார்கள். "அது புத்தகத்துல இருக்கு. மேல உள்ளத சொல்லு" என்றார் சாமியார். நீ நின்றாய். முதலாளி என்றாய். நெறையாம என்றாய். அவ்வளவுதான். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் ரெஜிலா. சொல்லேண்டி, சொல்லேண்டி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

நீ போன பிறகு பூங்கனி எழுந்தாள். "அந்த வரிய அவ முழுசா சொன்னா நான் கேப்பேன். எனக்க ஆளு எதுக்கு செத்தாருன்னு எனக்கும் தெரியணும்" என்றாள். சாமியார் யோசித்து, வெளியூர் ஆள், வேதம் அறிந்தவள், வாசித்த வரியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இருபத்திரண்டாம் தேதிக்குள் அனுப்பினால் ஏழு பெயரும் கல்லில் வெட்டச் சொல்கிறேன் என்றார். கல்லில் ஏழாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அத்தனை பேர் முன்னால் பயத்தில் மறந்திருப்பாய். இப்போது உன் வீட்டில், உன் மேசையில் உட்கார்ந்து எழுது. என் முதல் கடிதம் உன்னிடம் இருக்கிறது அல்லவா?

வேறு ஒன்றும் உன்னிடம் கேட்க மாட்டேன். நீ செய்ததைக்கூட இதோடு விட்டுவிடுகிறேன்.

சிந்தியா

•

நாகர்கோவில்
20 நவம்பர் 2025

சிந்தியா,

வேலையை விட்டுவிட்டேன். இயக்குநர் தடுக்கவில்லை. கூரை வேலை தொடங்கிவிட்டது, வாசல் சுவரில் மரியான் பெயரைப் பித்தளையில் பதித்துவிட்டார்கள். கடைசி நாள் அந்த வழியாகத்தான் வெளியே வந்தேன்.

உன் முதல் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று தடவை எழுதினேன். எழுத எழுத உன் வாக்கியம்தான் வந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு எழுதினால் ஒன்றும் வரவில்லை. இருபது பேருக்குத் திருப்பிக் காட்டினேன் என்றேனே, இருபது தடவையும் மேலே உள்ளதைத் தாண்டி டிசம்பரிலிருந்துதான் வாசித்தேன். கண் பார்த்தது, வாய் சொல்லவில்லை. முதல் தடவை, உன் வீட்டில் வாசித்ததுதான் முழுசாக. அன்றைக்குங்கூட, இந்தக் கடைசி வரி போதும், ஆட்கள் உருகிவிடுவார்கள் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. மற்றது நினைவில் இல்லை.

நீ என்ன எதிர்பார்க்கிறாய் என்று புரிகிறது. ஆனால் நான் வாசித்த வரி என்று சத்தியமாகக் கையெழுத்துப் போட்டு, உன் கடிதத்தைப் பார்த்து எழுதுவது எப்படி? இத்தனை வருஷம் பணம் கொடுக்கிறவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிப் பிழைத்தேன். அதனால்தான் இவ்வளவும் நடந்தது. இந்த ஒரு தாளிலாவது பொய் வேண்டாம் என்று நினைக்கிறேன். உன் கணவர் பெயரை ஒரு பொய்யின்மேல் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

சாமியாருக்கு நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன். முதலாளியைப் பற்றி எழுதியிருந்தது நிச்சயம், அவர் வாசித்தது நிச்சயம், அவர் சொல்லி இழைத்தது நிச்சயம், சரியான வார்த்தைகள் எனக்கு நினைவில் இல்லை என்று உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். அது போதும் என்று நம்புகிறேன். போதாவிட்டால் என்னை மன்னித்துவிடு.

ரெஜிலா

•

சூசைத்துறை
2 டிசம்பர் 2025

ரெஜிலா,

போதவில்லை.

உன் கடிதத்தைச் சாமியார் கமிட்டியில் வாசித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தச் சகோதரியின் நேர்மையை நாம் மெச்ச வேண்டும் என்றார். மரியான் தலையை ஆட்டினார். பூங்கனி "நெனவில்லன்னா பின்ன என்ன சாட்சி" என்று எழுந்து போய்விட்டாள். ஏழாவது பெயருக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு நங்கூரம் செதுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பொய் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நீ அந்த வரியை எழுதியிருந்தால் அது எப்படிப் பொய்யாகும்? அவர் எழுதினதுதானே அது. படகில் உட்கார்ந்து, ஆறு பேர் பயந்து கிடக்கும்போது, தன் கையால் எழுதினது. நீ மறந்துவிட்டாய் என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? உன் மனசு சுத்தமாக வேண்டும் என்று நினைத்தாய். அதற்கும் அவர் பெயரைத்தான் கொடுத்தாய். மரியானாவது எனக்கு அரிசி தந்தார்.

இதற்குப் பதில் எழுதாதே. அழகாக எழுதுவாய், நான் வாசித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கல்லை மந்திரித்தார்கள். சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்று பதில் சொன்னது. ஆறாவது பெயர் முடிந்து அவர் புத்தகத்தை மூடியபோது, ஜெஸ்னா முன்னால் போய் நின்று "ததேயுஸ்" என்று சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள், எல்லாருக்கும் கேட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எட்டு வருஷமாக, இறந்தவர்களுக்குச் சொல்லும் அந்த ஜெபத்தை அவருக்காக நான் சொன்னதில்லை, யாரையும் சொல்ல விட்டதுமில்லை. பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒருத்திதான் பதில் சொன்னேன்.

சிந்தியா